எச்ச உம்மை

பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு.
அந்தச் செவ்வாய் நாற்பத்திரண்டு பக்கம் ஓட்டினேன்.
அதில் ஒன்று
கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள்.
நீல மை, தமிழ்.
இடது கையால் எழுதியதில்
எழுத்தெல்லாம் பின்னுக்குச் சாய்ந்திருந்தது.
லிங்கராஜபுரம் அமலோற்பவம்
பானசவாடி ஸ்டேஷனில் கொடுத்த புகார்.
தாளுக்கு வயது பதினொன்று.

'அன்னிக்கும் அடிச்சாரு' என்று இருந்தது.
மணிக்கட்டு ஒடிந்த மறுநாளும்
மரியாதை விகுதி ஒடியவில்லை.
நான் ஆங்கிலத்தில்
அன்று அடித்தார் என்று தட்டிவிட்டேன்.
மணி ஐந்தே கால்.
விதான சௌதா மெட்ரோவில்
கூட்டம் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும்.

பிறகு மறந்துபோனேன். அதுதான் உண்மை.

ஹால் எண் பதினேழு.
பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்,
பன்னிரண்டுக்குள் முடிந்தது.
கீழ்க்கோர்ட் கொடுத்தது நாலு வருஷம்.
லூர்துராஜின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.
குற்றத்தை மறுக்கவில்லை ஐயா,
தண்டனையின் அளவு மட்டும்தான்.
சர்க்கரை வியாதி. ஆட்டோ லோன்.
எட்டு வருஷமாக மேல்முறையீடு தலைமேல் தொங்கியதே
ஒரு தண்டனை இல்லையா?
அப்புறம் நாற்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டினார்:
'புகாரிலேயே அன்று என்றுதான் இருக்கிறது.
ஒரே ஒரு சம்பவம்.'

என் வாக்கியம்.
நல்ல உச்சரிப்பில் வாசித்தார்.

நான் கடைசி வரிசையில், ஃபைல் கட்டு மடியில்.
மொழிபெயர்த்தவன் எழுந்து நிற்க
எந்தப் பிரிவிலும் இடமில்லை.
அவளுக்கும் இல்லை.
கொடுத்தது போதாது என்று கேட்கும் வாயைச்
சட்டம் அரசாங்கத்துக்குத்தான் வைத்திருக்கிறது.
அரசாங்கம் அன்றைக்கு
'கோர்ட்டார் விருப்பம்' என்று சொல்லி உட்கார்ந்தது.

உம்மை எட்டு வகை.
அல்சூர் தமிழ்ப் பள்ளியில் பிரம்புக்குப் பயந்து படித்தேன்.
சாத்தனும் வந்தான் என்றால்
கொற்றன் ஏற்கெனவே வந்துவிட்டான்.
இறந்தது தழீஇய எச்ச உம்மை.
தழீஇ என்றால் தழுவி.
அவள் எழுதிய உம்மை எதையெல்லாம் தழுவியிருந்தது?
சம்பள நாள் ஒவ்வொன்றையுமா,
பிள்ளைக்கு முதல் நற்கருணை கொடுத்த ஞாயிற்றையா,
தாளில் இல்லாத எத்தனை ராத்திரிகளை?
இலக்கணம் இதற்குப்போய்
இவ்வளவு இதமான சொல்லை வைத்திருக்கிறது.

உத்தரவு:
உள்ளே இருந்த காலமே போதுமானது,
ஏழு மாதம் பதினோரு நாள்.
இழப்பீடு நாற்பதாயிரம்.
சான்றுப் பொருள் ஒன்று, பிரஷர் குக்கர் மூடி,
மதிப்பற்றது, அழித்துவிடலாம்.

வராந்தாவில் ஒரு பெண்
நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுக் கிட்டே வந்தாள்.
கழுத்தில் கார்மெண்ட்ஸ் கம்பெனி அடையாள அட்டை.
வலது கை, மூட்டில்,
தப்பாகத் திருகிய குழாய் போல.
'என்ன சார் சொன்னாங்க?'
சொன்னேன்.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.
ஏழில் நிறுத்திக்கொண்டாள்.
அழவில்லை, அவரைத் திட்டவில்லை.
'அந்த மூடி குடுப்பாங்களா சார்?
குக்கர் இன்னும் வச்சிருக்கேன்.
மூடி இல்லாம வேறென்ன பண்றது,
அதுலதான் அரிசி களையறேன்.'

அழிக்க உத்தரவாகிவிட்டது என்றேன்.
என் தாளைப் பற்றி,
நாற்பத்தேழாம் பக்கத்தைப் பற்றி,
விட்டுப்போன ஓரசையைப் பற்றி
வாய் திறக்கவில்லை.
அடையாள அட்டையைத் திருப்பி
அதில் மணி எழுதியிருப்பதுபோலப் பார்த்தாள்.

'இன்னிக்கும் அரை நாள் சம்பளம் போச்சு' என்று
கப்பன் பார்க் பக்கமாக இறங்கிப் போனாள்.

இந்த முறை கேட்டது,
'இன்னிக்கும்'.